பார்வையாளர் அல்லர்

வைத்தியசாலை வாயில்களிலே "பார்வையாளர் நேரம்" என்று எழுதிய பலகையைக் காணாதார் இலர். இச்சொல்லை நாம் ஆங்கிலத்தின் வழியே அமைத்துக்கொண்டோம்; ஆங்கிலத்தார் இலத்தீனிலிருந்து பெற்றனர். இலத்தீனில் அதன் வேர் காணுதல் என்னும் பொருளது. ஆகவே பார்வையாளர் என்பார் கண்டு செல்வார். கண்டபின் அங்கே அவருக்கு வேலை இல்லை. காய்ச்சலிற் கிடப்பவரையும் கால் முறிந்தவரையும் பொறுத்தவரையில் இச்சொல் பெரிதும் பிழைபடாது. தோடம்பழம் இரண்டைக் கட்டிலருகே வைத்து, "இப்ப எப்படி?" என்று கேட்டு, மணி அடித்ததும் எழுந்து வருகிறோம். வந்தவர் யார் என்பதை நோயாளி அறிவார். மறுநாள் மணி அடிக்கும்வரை அவ்வறிவு அவரிடத்தில் இருக்கும்.

நினைவையே இழந்துகொண்டிருக்கும் ஒருவரிடத்தில் இச்சொல் பொருந்துமா? இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. அண்மைக் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதனை முன்வைத்துப் பெரும் வழக்காடல் நிகழ்ந்திருக்கின்றது. சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன, ஒரு மாநிலத்தின் அரசியலமைப்பே திருத்தப்பட்டுள்ளது. அவ்வரலாறு நம்மவரும் அறியத்தக்கது. நம் சகோதரரும் பிள்ளைகளும் அந்நாடுகளிற் குடியேறி முதுமை எய்திவருகின்றனர் அல்லரோ!

அமெரிக்காவில் முதியோர் வாழும் இல்லங்கள் பல வகையின. அவற்றுள் அல்ஸைமர் நோய் முதலியவற்றால் நினைவு குன்றியோருக்கென அமைந்த பகுதியை நினைவுக் காப்பகம் எனலாம். அதன் வாயிற்கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். உரிய இலக்கங்களை அழுத்தினாலன்றித் திறவாது. உள்ளிருப்போர் வழி தவறி வீதியிற் போய்விடக் கூடாது என்பதற்காக இட்ட பூட்டு அது. குற்றம் சொல்வதற்கில்லை. ஆயினும், உள்ளிருப்பவரை வெளியே விடாத கதவு வெளியே நிற்பவரை உள்ளே விடாத கதவாகவும் ஆகிவிடுதல் எளிது.

உள்ளே நிகழ்வது யாது? பொழுது சாயும் வேளையிலே நோயாளர் பலர் கலக்கமுறுவர். "வீட்டுக்குப் போகவேண்டும்" என்பர். சொந்த வீட்டில் இருக்கும்போதும் சிலர் அவ்வாறே சொல்வதுண்டு. உணவுத் தட்டு முன்னே இருக்கும். அது உண்பதற்குரியது என்ற எண்ணம் எழாது. கரண்டியைக் கையிலே கொடுத்து, "அப்பா, ஒரு வாய் எடுங்கோ" என்று பழகிய குரல் ஒன்று சொன்னால் கை வாய்க்குப் போகும். தாதியரும் பணியாளரும் அன்பிற் குறைந்தவர் அல்லர். ஆனால் ஒருவர் பலரைக் கவனிக்க வேண்டியவராய் இருக்கின்றார். அவருக்கு அந்த முதியவர் தேநீரிற் சீனி எவ்வளவு விரும்புவார் என்பதோ, முகத்தைச் சுளித்தால் அது வலியா வெறுப்பா என்பதோ தெரியாது. அவற்றை அறிந்தவர் ஒருவரே. அவரைத்தான் பார்வையாளர் என்று சொல்லி மணி அடிக்கின்றோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொவிட் தொற்றுப் பரவியபோது, அந்த மணி ஒரேயடியாக அடிக்கப்பட்டது. மார்ச் 13ஆம் திகதி அமெரிக்க மத்திய அரசு, தாதியர் இல்லங்களுக்குள் பார்வையாளர் எவரையும் விடற்க எனப் பணித்தது. மாநிலங்களும் தத்தம் ஆட்சிக்குட்பட்ட இல்லங்களை அவ்வாறே மூடின. புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் மேரி டானியல் என்னும் பெண்மணி வாழ்ந்துவந்தார். அவர் கணவர் ஸ்டீவ், முதுமை நிரம்புமுன்னரே அல்ஸைமர் நோயாற் பீடிக்கப்பட்டு நினைவுக் காப்பகமொன்றில் இருந்தார். நாள்தோறும் மாலையில் அங்கே சென்று, கணவரை உறங்கச் செய்வதற்கு ஆயத்தப்படுத்திவிட்டு வீடு திரும்புவது அவ்வம்மையாரின் வழக்கம். அந்த வழக்கம் ஒரு நாளிலே நின்றது.

கண்ணாடிச் சாளரத்துக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்றனர். பார்த்தார், இருவரும் அழுதனர். கண்ணாடிக்கு அப்பால் மனைவி நிற்கின்றாள், ஏன் உள்ளே வரவில்லை என்பதை நினைவிழந்தவருக்கு எவ்வாறு விளக்குவது? அந்தக் காட்சி ஆறுதலாகாமல் வதையாயிற்று, அதனைக் கைவிட்டார். தொண்டராக வரலாமா என்று கேட்டார். இயலாது என்றனர். பின்னர் ஒருநாள் அவ்வில்லத்திலிருந்தே அழைப்பு வந்தது: சமையற்கட்டிலே ஏனங்கள் கழுவுவதற்குப் பகுதி நேரப் பணியாள் தேவை, விருப்பமுண்டோ என்று. அம்மையார் தமக்கெனத் தொழில் உள்ளவர். கூலியை எண்ணி இசைந்தவர் அல்லர். வேலைக்கு உரிய சோதனைகளுக்கெல்லாம் உட்பட்டார். பயிற்சிப் பாடங்களைக் கற்றார். 114 நாட் பிரிவின் பின், 2020 ஜூலைத் தொடக்கத்தில், வாரத்தில் இரண்டு மாலைகள் ஏனங்களைக் கழுவிவிட்டு, வேலை முடிந்ததும் கணவரின் அறைக்குட் சென்றார். கண்டதும் அவர் அழுதார். தம் பெயரைச் சொன்னார் என்று அம்மையார் பத்திரிகையாளரிடம் கூறினார். நூற்றுப் பதினான்கு நாள் காணாதிருந்தும் அந்த ஒரு பெயர் எஞ்சியிருந்தது.

இச்செய்தி உலகெங்கும் பரவியது. காதலின் பெருமை என்று போற்றினார் பலர். போற்றுதற்குரியதுதான். ஆயினும் எனக்கு அதிலே வேறொன்று தோன்றுகின்றது. அந்தக் கதவு தொற்றுக்கு அஞ்சி மூடப்பட்டது. ஏனம் கழுவுபவரும் வெளியிலிருந்து வருபவரே, அவரும் மூச்சுவிடுபவரே. சோதனையும் முகக்கவசமும் அவரிடத்தில் தொற்றைத் தடுக்கும் என்றால், அதே சோதனையும் அதே கவசமும் மனைவியிடத்தில் ஏன் தடுக்கமாட்டா? ஒரே பெண், மனைவி என்ற பெயரில் வந்தபோது ஆபத்தாகவும், கூலியாள் என்ற பெயரில் வந்தபோது தேவையாகவும் கருதப்பட்டாள். வேறுபாடு நோய்க்கிருமியில் இல்லை. பட்டியலில் எழுதிய சொல்லில் இருந்தது.

அம்மையார் அவ்வளவில் நின்றாரல்லர். தம்மைப் போன்ற குடும்பத்தாரை ஒன்றுதிரட்டினார். 2020 ஆகஸ்டில், இல்லங்களைத் திறப்பது பற்றி ஆராய மாநில ஆளுநர் அமைத்த குழுவில் அவரும் ஓர் உறுப்பினரானார். செப்டம்பரிலே கதவுகள் சில நிபந்தனைகளுடன் திறக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 6ஆம் திகதி, நோயாளர் எவரும் தனித்து விடப்படலாகாது என்னும் பெயரிலேயே அம்மாநிலத்திற் சட்டமொன்று நிறைவேறியது. இதன்படி, இல்லத்தில் வாழ்பவர் தமக்கு இன்றியமையாத பராமரிப்பாளர் ஒருவரைப் பெயர் குறித்துக்கொள்ளலாம்; நாள்தோறும் குறைந்தது 2 மணித்தியாலம் அவர் நேரில் வந்திருக்க இல்லம் இடந்தர வேண்டும்; இருவரும் விரும்பினால் கையைப் பற்றவும் அணைக்கவும் தடையில்லை.

அச்சட்டத்தில் என்னைக் கவர்ந்த பகுதி வேறு. வந்து பார்ப்பதை எந்நிலையிலும் மறுக்கலாகாத சூழல்கள் இவையெனச் சில சொல்லப்பட்டுள்ளன. இறுதிக் காலம் அணுகியோர், புதிய இடத்துக்கு வந்து தவிப்போர், உற்றாரை இழந்து வருந்துவோர் ஆகியோரோடு வேறு இருவரும் குறிக்கப்படுகின்றனர். முன்னர் குடும்பத்தார் தூண்டியதனால் உண்டும் பருகியும் வந்து, இப்போது அத்தூண்டுதல் இன்றித் தவிப்பவர் ஒருவர். முன்னே பேசிப் பழகியிருந்து, இப்போது வாய்திறத்தல் அரிதாகிவிட்டவர் மற்றவர். சட்டம் எழுதுவோர் பெரும்பாலும் வறண்ட மொழியினர். ஆனால் இவ்விரண்டு வரிகளையும் எழுதியவர் நினைவுக் காப்பகத்தின் உணவு மேசையருகே ஒருநாளாவது இருந்திருக்க வேண்டும், அல்லது இருந்தவர் சொற்கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

இவ்வுரிமை முன்னரே இருந்ததன்றோ என வினவலாம். ஒரு பகுதி இருந்தது. 1987ஆம் ஆண்டிலே அமெரிக்க மத்திய அரசு இயற்றிய தாதியர் இல்லச் சீர்திருத்தச் சட்டம், உறவினர் உடனடியாக உட்சென்று காணும் உரிமையை ஏற்றுக்கொண்டது. வேண்டாம் என மறுக்கும் உரிமையோ உள்ளே வாழ்பவருக்கே உரியது. ஆனால் அச்சட்டம் மத்திய அரசின் காப்புறுதிப் பணத்தைப் பெறும் தாதியர் இல்லங்களையே கட்டும். நினைவுக் காப்பகங்களிற் பல, துணையுடன் வாழும் இல்லங்கள் என்னும் வேறு வகையைச் சார்ந்தவை. அவற்றை ஆள்வது அந்தந்த மாநிலத்துச் சட்டமே. குடும்பத்தார் பலர் இவ்வேறுபாட்டை அறியாமலே ஒப்பந்தத்திற் கையெழுத்திடுகின்றனர். தொற்றுக் காலத்திலோ, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழிருந்த இல்லங்களுங்கூட மூடுண்டன. எந்நேரமும் எல்லோரையும் காணவிடுக என மத்திய அரசு மீண்டும் பணித்தது 2021 நவம்பர் 12ஆம் திகதியிலேதான். அதே மாதம் 2ஆம் திகதி டெக்ஸாஸ் மாநில மக்கள் வாக்களித்து, இன்றியமையாத பராமரிப்பாளரைத் தடுக்கலாகாது என்னும் விதியைத் தம் அரசியலமைப்பிலேயே சேர்த்தனர். தாயின் அருகில் மகள் இருக்கலாம் என்று அரசியலமைப்பிலே எழுதவேண்டி வந்த காலத்தை என்னென்பது!

கதவை மூடியோரை வெறுங்கொடியோர் எனல் நீதியாகாது. அந்நாட்டுத் தாதியர் இல்லங்களில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் அத்தொற்றினால் மாண்டனர். முதல் வாரங்களில், நோயின் போக்குத் தெரியாதிருந்தபோது மூடியதற்குக் காரணம் உண்டு. தெரிந்த பின்னரும் திறவாமையே கேள்விக்குரியது. நெதர்லாந்திலே 2020 மே 11ஆம் திகதி தொடங்கி, 26 இல்லங்களில் ஒரு பரிசோதனை நிகழ்த்தினர். ஒவ்வொருவருக்கும் ஒரு பார்வையாளர் மட்டில், உரிய விதிகளுடன் உள்ளே விடப்பட்டார். ஆய்வு நடந்த காலத்திலே அவ்வில்லங்களிற் புதிய தொற்று எதுவும் காணப்படவில்லை. நேரிற் சந்தித்தல் முதியோருக்குப் பெரும் நன்மை தந்ததென்று பணியாளரே கூறினர். ஒரு பெயர் குறித்து ஒருவரை உள்ளே விடுவது என்னும் அம்முறைதான் பின்னர் அமெரிக்கச் சட்டங்களிலும் காணப்படுகின்றது.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே இவ்வழக்குத் தொற்றுக்கு முன்னரே எழுந்தது. டாக்டர் ஜோன் ஜெரார்ட் என்னும் வைத்தியர் பல்லாண்டு அல்ஸைமர் நோயுடன் தம் வீட்டிலே நலமாக வாழ்ந்தவர். நடப்பார், சிரிப்பார், தோட்டத்தைப் பேணுவார். 2014 பெப்ரவரியில் காற்புண்ணுக்காக வைத்தியசாலை சென்று ஐந்து வாரம் தங்கினார். வார்ட்டிலே வயிற்றுநோய் ஒன்று பரவியதாற் குடும்பத்தார் வருகை பெரிதும் தடுக்கப்பட்டது. புண் ஆறியதோ இல்லையோ, வீடு திரும்பியவர் எலும்பும் தோலுமாய், நடக்கவும் கோவையாகப் பேசவும் இயலாதவராய் இருந்தார். அவ்வாண்டு நவம்பரில் இறந்தார். அவர் மகள் நிக்கி ஜெரார்ட் எழுத்தாளர். கணவருடன் சேர்ந்து ஒரே புனைபெயரில் துப்பறியும் நாவல்கள் எழுதிப் பெயர்பெற்றவர். தந்தை மறைந்த அம்மாதமே பத்திரிகையில் எழுதி, தோழி ஜூலியா ஜோன்ஸுடன் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். தந்தையின் பெயராலேயே அது ஜோனின் இயக்கம் எனப்படுகின்றது. நினைவிழந்தோருடன் தங்கும் உரிமையே அதன் கோரிக்கை. நூற்றுக்கணக்கான வைத்தியசாலைகள் அதனை ஏற்றன.

அவ்வியக்கத்தார் எடுத்துக்காட்டிய உவமை மிகப் பொருத்தமானது. 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கம்வரை இங்கிலாந்து வைத்தியசாலைகள் பலவற்றிற் சிறுபிள்ளைகளைப் பெற்றோர் காண்பதற்கு வாரத்திற் சில மணித்தியாலங்களே விடப்பட்டன. தாய் வந்துபோனாற் பிள்ளை அழுகின்றது, ஆதலின் தாய் வாராதிருத்தலே நன்று என்பது அன்றைய நியாயம். 1952இல் ஜேம்ஸ் ரொபேட்ஸன் என்பவர், வைத்தியசாலையில் இருந்த இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றின் துயரைத் திரைப்படமாக எடுத்துக் காட்டினார். 1959இல் சேர் ஹரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோர் தடையின்றி வந்துபோகலாம் என விதந்துரைத்தது. அதன் பின்னருங் கதவுகள் மெல்லவே திறந்தன. இன்று எந்த வைத்தியசாலையும் தாயைப் பார்வையாளர் என்று சொல்லி அனுப்பத் துணியாது. "வந்துபோனால் அழுகின்றார், வராமலிருப்பது நல்லது" என்னும் அதே நியாயத்தை இன்று நினைவிழந்த முதியோர் விடயத்திற் கேட்கிறோம். அழுகை துன்பத்தை மட்டும் காட்டுவதன்று. அடையாளம் கண்டமையையும் அது காட்டும்.

2024 ஏப்ரல் 6ஆம் திகதி முதல் இங்கிலாந்தில் புதிய ஒழுங்குவிதியொன்று நடைமுறைக்கு வந்தது. பராமரிப்பு இல்லங்களும் வைத்தியசாலைகளும் அசாதாரணச் சூழல் இருந்தாலன்றி வருகையைத் தடுக்கலாகாது; அதற்கு வசதி செய்தல் அவற்றின் கடமை. கடமை என்னும் சொல் கவனிக்கத்தக்கது. முன்னே சலுகையாய் இருந்ததை அது கடமையாக்கிற்று.

குடும்பத்துக்குள்ளேயே கதவு மூடப்படுவதும் உண்டு. அமெரிக்க வானொலியிற் புகழ்பெற்ற கேசி கேசம் நினைவு குன்றிப் பேச்சிழந்திருந்த காலத்தில், மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் இடையே அவரைக் காண்பது பற்றி நீதிமன்ற வழக்கு நிகழ்ந்தது. அவர் 2014 ஜூனில் மறைந்தார். அவ்வழக்கின் பின்னர் மாநிலங்கள் சில, பிள்ளைகள் நீதிமன்றத்தை நாடிக் காணும் உரிமை பெறச் சட்டம் செய்தன. நோயாளர் அறிவு தெளிந்திருக்கும்போதே, தம்மை யார் யார் காணலாம் என்பதை உறுதிப் பத்திரத்தில் எழுதிவைத்தல் நன்று. அதை விரிப்பின் இக்கட்டுரை வழக்கறிஞர் கட்டுரையாகிவிடும்.

கேட்குமுறை ஒன்று உண்டு. அதனைச் சொல்லாமல் விடலாகாது. "இன்னும் ஒரு மணித்தியாலம் தாருங்கள்" என்று கேட்பவர் பார்வையாளராகவே நின்று கேட்கின்றார். இல்லமும் அவ்வாறே விடை சொல்லும். "இரவு உணவை நான் ஊட்டுகிறேன், பொழுது சாயும் வேளையிற் கலக்கம் மிகும்போது அருகில் இருக்கிறேன், குளிக்க மறுக்கும் நாளில் உதவுகிறேன்" என்று கேட்பவர் பராமரிப்பிலே பங்கு கேட்கின்றார். இத்தகைய இல்லங்களில் ஒவ்வொருவருக்கும் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட்டு, காலத்துக்குக் காலம் அதுபற்றிக் கூடிப் பேசப்படும். அக்கூட்டத்திலே தம் பங்கைத் திட்டத்தில் எழுதுவித்தல் வேண்டும். எழுதப்பட்டதை மணி அடித்துக் கலைத்தல் அரிது. மறுப்பாராயின் காரணத்தை எழுத்திற் கேட்கலாம். இல்லத்தின் வருகை விதிகளை எழுத்திற் காட்டும்படி கேட்கலாம். அமெரிக்காவில் இதற்கென ஒவ்வொரு மாநிலத்திலும் குறைகேள் அதிகாரிகள் உளர். 1972இற் பரிசோதனையாகத் தொடங்கிய அவ்வமைப்பை, 1978இல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் கட்டாயமாக்கினர். அவர்களை அணுகப் பணம் வேண்டியதில்லை.

நம் நூல்களிலே இதற்கு ஒரு சொல் உண்டென்பது மாணவர் அறிந்ததே. திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிப் பா மருத்துவத்தை நான்கு கூறாக்குகின்றது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். உழை என்பது பக்கம். பக்கத்தே நின்று மருந்தை வேளை தவறாது ஊட்டுபவர் என்று பொருள் கொள்வர். அவர் நோயாளியைக் காண வந்தவர் அல்லர். மருத்துவத்தின் ஒரு கூறு அவர். 2022இல் புளோரிடாச் சட்டம் இன்றியமையாத பராமரிப்பாளர் என நீட்டிச் சொன்னதை வள்ளுவர் ஒரு சொல்லில் அடக்கிவிட்டார். பார்வையாளர் என்ற பலகையை நாம் எழுதியபோது அந்நூல் நம் கையில் இருந்ததுதான். யாரும் புரட்டிப் பார்க்கவில்லை போலும்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இல்லங்களில் வாழும் நம் முதியோருக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகும். நினைவு தேயும்போது, பிற்காலத்திற் கற்ற மொழி முன்னே நழுவுவதும் தாய்மொழி பிந்தியும் நிலைப்பதும் பலரிடத்திற் காணப்படுகின்றன. நாற்பதாண்டு ஆங்கிலத்திற் கணக்கெழுதிய ஒருவர் ஒருநாள் தமிழிலே தண்ணீர் கேட்பார். கேட்டதைப் பணியாளர் புலம்பலென எண்ணுவார். மகள் வந்து சொன்னாலன்றி அது தாகம் என்று ஒருவருக்கும் விளங்காது. அங்குள்ள பிள்ளைகள் பராமரிப்புத் திட்டக் கூட்டத்துக்குப் போகும்போது, தண்ணீர், வலி, குளிர், மலசலகூடம், போதும், வேண்டாம் என்னும் சொற்களையேனும் ஆங்கில எழுத்தில் ஒலிப்படி எழுதி, பொருளும் குறித்து, ஒரு படியைத் திட்டத்துடன் இணைப்பித்து, மற்றொரு படியைத் தலைமாட்டுச் சுவரில் ஒட்டும்படி கேட்டல் வேண்டும். மகள் வரமுடியாத நாளில் அத்தாள் அங்கே இருக்கும்.